தலையெழுத்தா? முச்சலிக்கா எழுத்தா?

குற்றம் செய்த ஒருவனை மாஜிஸ்ட்ரேட் ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தைக்கு முச்சலிக்கா எழுதி வாங்கிக்கொண்டு வெளியில் விட்டால், அவன் கோர்ட்டு வாசலைத் தாண்டியதும் செய்கிற முதல் காரியம் என்ன? நேரே கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறான். வேண்டுதலுக்கு மொட்டை அடித்துக்கொள்ளுகிறான். “சாமி காப்பாற்றிவிட்டது, கேஸ் ஒழிந்தது” என்று ஊரெல்லாம் சொல்லுகிறான். ஆறு மாதம் கழித்து வாரண்டோடு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினால், “சனியன் பிடித்துவிட்டது, எல்லாம் என் தலையெழுத்து” என்று தலையில் அடித்துக்கொள்ளுகிறான்.

இந்த இரண்டு பேச்சும் பொய். அவனை விட்டது சாமியும் அல்ல, பிடித்தது சனியும் அல்ல. விட்டதும் ஒரு காகிதம். பிடித்ததும் அதே காகிதம். தலையெழுத்து என்பதை இதுவரை படித்துச் சொன்னவன் எவனும் இல்லை. ஆனால் முச்சலிக்காவில் உள்ள எழுத்தை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற சிறு பிள்ளைகூடப் படித்துச் சொல்ல முடியும். படிக்கக்கூடிய எழுத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டு, இல்லாத எழுத்தைச் சொல்லி அழுவது அறிவாகுமா என்று கேட்கிறோம்.

ஆனால் குற்றம் அவனுடையது மாத்திரம் அல்ல. அந்தக் காகிதத்தில் இருப்பதை அவனுக்குப் புரியும்படி சொல்லாத கோர்ட்டுக்கும், பிழைக்கப் போனதால் ஷரத்து தவறினவனையும் வேண்டுமென்றே ஷரத்தை மிதித்தவனையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கிற முறைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

விடுதலை அல்ல, தவணை

இந்த முறையை முதலில் செய்து காட்டியவர் ரிஷியும் அல்ல, ஜட்ஜும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைக்கும் தொழில் நடத்தி வந்த ஜான் அகஸ்டஸ் என்பவர்தான் அவர். 1841-ஆம் வருஷத்தில் போலீஸ் கோர்ட்டில் ஒரு குடிகாரனை ஜெயிலுக்கு அனுப்ப இருந்தபோது, அவர் தாமே முன்வந்து ஜாமீன் நின்று அவனை அழைத்துப் போனார். மூன்று வாரத்தில் குடியை நிறுத்தின மனிதனாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜட்ஜ் ஒரு செண்டு அபராதமும் செலவும் போட்டு அவனை விட்டுவிட்டார். 1859-ல் அகஸ்டஸ் இறப்பதற்குள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு இவ்விதம் ஜாமீன் நின்றார். 1878-ல்தான் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தார் இதைச் சட்டமாக்கினார்கள். தோல் தொழில் செய்பவனைத் தெருவுக்குள் விடாத தேசத்தில் பிறந்த நாம், ஜட்ஜுகள் இந்தப் பாடத்தைத் தோல் தைத்தவரிடத்தில்தான் படித்துக்கொண்டார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நம் பக்கத்தில் இது 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 562-வது பிரிவாக இருந்தது. சென்னை மாகாணத்துக்கென்று 1936-ல் தனிச் சட்டம் செய்யப்பட்டது. பிறகு 1958-ல் இந்தியாவுக்குப் பொதுவாகக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் ஏற்பட்டது. 2024 ஜூலை முதல் “பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா” என்று நம் கிராமத்தான் வாயில் நுழையாத பேர் வைத்துக்கொண்டு வந்திருக்கிற நடைமுறைச் சட்டத்திலும் 401-வது பிரிவாக இதைப் போன்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நாம் இங்கே சொல்லப்போவது 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தை வைத்து.

அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்லுவது இதுதான். தூக்குத் தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், கோர்ட்டார் குற்றத்தின் தன்மையையும் குற்றவாளியின் நடத்தையையும் யோசித்து, உடனே தண்டனை விதிக்காமல் முச்சலிக்காவின் பேரில் அவனை வெளியில் விடலாம். ஜாமீன்தார் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். முச்சலிக்காக் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. கூப்பிட்டபோது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்ளுகிறேன், அதுவரை சமாதானமாகவும் நன்னடத்தையாகவும் இருக்கிறேன் என்பதே முச்சலிக்காவின் சாரம். நன்னடத்தை அலுவலர் என்கிற புரொபேஷன் ஆபீசரின் மேற்பார்வையிலும் வைக்கலாம். அப்படி வைத்தால் மேற்பார்வைக் காலம் ஒரு வருஷத்துக்குக் குறையக்கூடாது. இன்ன ஊரில் குடியிரு, குடிக்காதே என்பன போன்ற ஷரத்துகளையும் சேர்க்கலாம்.

நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “குற்றவாளி” என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. தண்டனை மாத்திரமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கேஸ் ஒழியவில்லை, தண்டனைக்குத் தவணை கிடைத்திருக்கிறது. இதை விடுதலை என்று எண்ணித் தேங்காய் உடைப்பவன், கடன் தவணை கிடைத்ததைக் கடன் தீர்ந்ததாக எண்ணி விருந்து வைப்பவனுக்கு ஒப்பாவான்.

ஷரத்து தவறினால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் 9-வது பிரிவில் இருக்கிறது. புரொபேஷன் ஆபீசருடைய ரிப்போர்ட்டினாலோ வேறு விதமாகவோ ஒருவன் ஷரத்து தவறிவிட்டான் என்று கோர்ட்டார் நம்பக் காரணம் இருந்தால், அவனைப் பிடித்துவர வாரண்டு அனுப்பலாம். அல்லது அவனுக்கும் ஜாமீன்தாருக்கும் சம்மன் அனுப்பலாம். அவன் வந்த பிறகு, விசாரணை முடியும் வரை காவலில் வைக்கலாம். அல்லது ஜாமீனில் விடலாம். விசாரித்து, தவறியது உண்மை என்று கண்டால், பழைய குற்றத்துக்கே அங்கேயே தண்டனை விதிக்கலாம். தவறினது முதல் தடவையாக இருந்தால், முச்சலிக்காவை நடப்பில் வைத்துக்கொண்டே, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையை அபராதமாகப் போடலாம். அந்தத் தொகையைக் குறித்த காலத்தில் கட்டாவிட்டால், மறுபடியும் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம்.

இதோடு போகவில்லை. 12-வது பிரிவின்படி, நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவனுக்கு, குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவனுக்குச் சட்டங்களால் ஏற்படும் தகுதிக்குறைவு ஒட்டுவதில்லை. ஆனால் ஷரத்து தவறிப் பழைய குற்றத்துக்குத் தண்டனை அடைந்துவிட்டால், அந்தப் பாதுகாப்பும் அவனை விட்டுப் போய்விடுகிறது. ஜாமீன் நின்ற மாமனோ மைத்துனனோ எழுதிக்கொடுத்த தொகைக்கும் ஆபத்து வந்து சேருகிறது. ஒரு காகிதத்தை மறந்ததற்கு இத்தனை வினை!

இரண்டு பேர், ஒரே வார்த்தை

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஓர் இளைஞன் தடியால் அடித்து, பக்கத்து வயல்காரனுடைய கையை முறித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுவோம். சட்டப்படி ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம் அது. முதல் குற்றம் என்பதற்காகக் கோர்ட்டார் அவனை இரண்டு வருஷ முச்சலிக்காவின் பேரில் விடுகிறார்கள். உள்ளூரிலேயே குடியிருக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஆபீசரைப் பார்க்க வேண்டும். குடிக்கக்கூடாது என்பவை ஷரத்துகள்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிடுகிறது. வயலில் வேலை இல்லை. வீட்டில் தாய், பெண்டாட்டி, கைக்குழந்தை. மேஸ்திரி ஒருவன் வந்து முன்பணம் கொடுத்து, வெளி ஜில்லாவில் செங்கல் சூளைக்கு அழைத்துப் போகிறான். மூன்று மாதம் அவன் ஆபீசரைப் பார்க்கவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அவனுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டு போகிறது, வாரண்டு வருகிறது, சூளையில் நாலு பேர் பார்க்க அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இதே மாதிரி முச்சலிக்கா எழுதிக்கொடுத்த இன்னொருவன் இருக்கிறான். அவன் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. தினமும் குடித்துவிட்டு, தன்னிடம் அடிபட்டவனுடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “கையைத்தானே முறித்தேன், இனிமேல் பார்” என்று மிரட்டுகிறான்.

சட்டத்தின் கண்ணுக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றுதான். இரண்டு பேருமே “ஷரத்தை அனுசரிக்கத் தவறியவர்கள்.” ஏன் தவறினான், வயிற்றுக்காகவா, திமிருக்காகவா என்ற கேள்வி 9-வது பிரிவின் எழுத்தில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதும் கேட்காததும் மாஜிஸ்ட்ரேட்டின் மனத்தைப் பொறுத்ததாக விடப்பட்டிருக்கிறது. நல்ல மனமுள்ள மாஜிஸ்ட்ரேட் கேட்பார். வாய்தாக் கட்டு மேசை உயரத்துக்குக் குவிந்திருக்கிற மாஜிஸ்ட்ரேட் கேட்காமலே கையெழுத்துப் போட்டால் என்ன செய்வது? ஒரு மனிதனுடைய இத்தனை வருஷ வாழ்வு, இன்னொரு மனிதனுடைய அன்றைய மனநிலையைப் பொறுத்திருக்கலாமா? இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே சட்டம் என்று ஒன்றை எழுதி வைத்தார்கள்?

“ஏன்?” என்று கேட்ட கோர்ட்டு

ஏன் தவறினான் என்று கேட்பது ஆகாத காரியம் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் 1980-ல் ஒரு தொழிலாளி திருட்டு சம்பந்தமான கேஸில் நன்னடத்தையின் பேரில் விடப்பட்டான். 500 டாலர் அபராதமும் 250 டாலர் நஷ்டஈடும் கட்ட வேண்டும் என்பது ஷரத்து. தாய் தகப்பனிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டினான். பிறகு வேலை போய்விட்டது. அவனுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. வேறு வேலை தேடி அலைந்தும் கிடைக்கவில்லை. பாக்கி கட்டவில்லை என்று கீழ்க்கோர்ட்டு அவனை ஜெயிலில் போட்டது. 1983-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டார், பணம் கட்டாத காரணத்தை விசாரிக்காமல் ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது என்றும், உண்மையாய்ப் பாடுபட்டும் கட்ட முடியாதவனாய் இருந்தால் ஜெயிலைத் தவிர வேறு வழிகளை முதலில் யோசிக்க வேண்டும் என்றும் தீர்ப்புச் செய்தார்கள்.

அங்கேயும் எல்லாம் நேராகிவிடவில்லை. மாகாண ஜெயில்களில் புதிதாய்ச் சேருகிறவர்களில் நூற்றுக்கு 45 பேர், நன்னடத்தையின் பேரிலோ தண்டனைக் காலத்தின் நடுவிலோ வெளியே விடப்பட்டு, புதுக் குற்றத்தினாலோ ஷரத்து தவறினதாலோ உள்ளே வந்தவர்கள் என்று 2019-ல் அங்கே கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதற்காகக் கட்டின வாசலே ஜெயிலுக்குப் போகும் வாசலாகிவிட்டது. ஷரத்துகளை அடுக்குவதும், தவறினால் ஏன் என்று கேட்காமல் உள்ளே தள்ளுவதுமாக இருந்தால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

நடுவில் படி இல்லாத ஏணி

நமது சட்டத்தில் உள்ள ஐம்பது ரூபாயைப் பாருங்கள். 1958-ல் வயற்கூலிக்காரனுக்கு அது ஒரு மாதக் கூலிக்கு மேற்பட்ட தொகை; பயப்படவேண்டிய அபராதம். இன்று அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. ஆகவே மாஜிஸ்ட்ரேட்டின் கையில் இருப்பது இரண்டே கருவி. ஒன்று, யாரும் சட்டை செய்யாத ஐம்பது ரூபாய். மற்றொன்று, பழைய குற்றத்துக்குத் தண்டனை. ஒரு பக்கம் ஈ ஓட்டும் விசிறி. மறு பக்கம் அரிவாள். இடையில் ஒரு தடியாவது இருக்க வேண்டாமா?

ஷரத்தை மாற்றவும், காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் 8-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மனுப்போட வேண்டியவர் புரொபேஷன் ஆபீசர் என்றுதான் எழுதியிருக்கிறது. யாருடைய வாழ்வு அந்த ஷரத்தில் கட்டுண்டு கிடக்கிறதோ, அவன் தானே மனுப்போடலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நோயாளிக்கு வாய் இல்லை, வைத்தியனுக்குத்தான் வாய் என்றால் இது என்ன நியாயம்?

“தெரியாது” என்பவர்களுக்கும் “தாட்சணியம்” என்பவர்களுக்கும்

“சட்டம் தெரியாது என்பது ஒரு சாக்காகுமா?” என்று வக்கீல்கள் கேட்பார்கள். நாமும் அது சாக்கு அல்ல என்றே சொல்லுகிறோம். ஆனால் 4-வது பிரிவு, மேற்பார்வை உத்தரவு போடுகிற கோர்ட்டார் அதன் ஷரத்துகளைக் குற்றவாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும், அவனுக்கும் ஜாமீன்தாருக்கும் ஆபீசருக்கும் உடனே ஆளுக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறதே, அது யாருக்கு எழுதின சட்டம்? “வாசித்துக் காட்டப்பட்டது” என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே கைநாட்டு வாங்கினால் விளக்கியதாகிவிடுமா? புரோகிதன் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை அர்த்தம் தெரியாமல் தலையாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அறியாமை குடியானவனுக்குச் சாக்கு ஆகாதென்றால், அலட்சியம் கோர்ட்டுக்கும் சாக்கு ஆகாது.

“அடித்தவனுக்கு இவ்வளவு தாட்சணியமா? கை முறிந்தவனுக்கு யார் பரிந்து பேசுவது?” என்று வேறு சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கை முறிந்தவனுக்காகவே நாம் பேசுகிறோம். அவனுக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட 5-வது பிரிவில் இடம் இருக்கிறது. சூளையில் கூலி சம்பாதிக்கிறவன் அதைக் கொடுக்க முடியும். ஜெயிலில் அடைபட்டவன் எப்படிக் கொடுப்பான்? அன்றியும், வாசலில் நின்று மிரட்டுகிறானே ஒருவன், அவனுக்காக நாம் ஒரு வார்த்தையும் பேச வரவில்லை. அவன் விஷயத்தில் கோர்ட்டார் தாமதம் செய்தால் அதுதான் அநியாயம். அடிபட்டவன் பயந்து ஊரை விட்டு ஓடும்வரை முச்சலிக்காவை நீட்டிக்கொண்டிருப்பது கருணை அல்ல, கோழைத்தனம். நாம் கேட்பதெல்லாம், இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைத் திறவுங்கள் என்பதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

சர்க்காரையும் சட்டசபையாரையும் நாம் கேட்பது நான்கு காரியங்கள். ஷரத்துகளைச் சாதாரணத் தமிழில் எழுதி, குற்றவாளி தன் வாயால் திருப்பிச் சொல்லும் வரை விளக்க வேண்டும். ஆள் இருக்கும் இடம் தெரிந்திருந்தால் முதலில் சம்மன், அதற்கு வராவிட்டால் வாரண்டு என்பதை வழக்கமாக்க வேண்டும். வேண்டுமென்று தவறினானா, முடியாமல் தவறினானா என்று விசாரித்துக் காரணம் எழுதிய பிறகே பழைய குற்றத்துக்குத் தண்டனை என்று 9-வது பிரிவைத் திருத்த வேண்டும். ஷரத்தை மாற்றும்படி கேட்க, கட்டுப்பட்டவனுக்கே உரிமை கொடுத்து, எச்சரிக்கை, கூடுதல் மேற்பார்வை, பொதுவேலை என்று நடுவில் படிகள் வைக்க வேண்டும்.

புரொபேஷன் ஆபீசர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். வேண்டியபோது வேலை தேடிக்கொடுக்க முயல்வதும் உங்கள் கடமை என்று 14-வது பிரிவில் எழுதியிருக்கிறது. வேலை இல்லாமல் சூளைக்குப் போனவன்மேல் ரிப்போர்ட்டு எழுதுவதற்கு முன், அவனுக்கு வேலை தேட நாம் என்ன செய்தோம் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியமானது. உங்கள் ஊரில் ஒருவன் முச்சலிக்காவின் பேரில் வந்திருந்தால், அவனைத் தேங்காய்க் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போங்கள். காகிதத்தை வாங்கி ஒவ்வொரு ஷரத்தையும் படித்துக் காட்டுங்கள். எந்தத் தேதிக்கு முடிகிறது என்று சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிழைப்புக்கு வெளியூர் போக வேண்டியிருந்தால், போவதற்கு முன் ஆபீசரிடம் எழுத்து மூலம் சொல்லி ஷரத்தை மாற்ற மனுப்போடும்படி கேட்டு, எழுதிக்கொடுத்ததற்கு ஒரு நகலையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சலாய்ப் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். சம்மன் வந்தால் ஒளிய விடாதீர்கள். முதல் தவறுதலுக்கு ஐம்பது ரூபாயோடு போகக்கூடியதை, ஒளிந்து ஓடியவன் தானே பெரிதாக்கிக்கொள்ளுகிறான். வக்கீல் வைக்கப் பணம் இல்லாவிட்டால், 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வருமானம் குறைந்தவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் செலவில்லாமல் வக்கீல் அமர்த்திக் கொடுக்கத் தாலுகாதோறும் சட்டப் பணிகள் குழு உண்டு. அதைக் கேட்டு வாங்குவது பிச்சை அல்ல, உரிமை.

பழைய குற்றத்துக்குத் தண்டனை விதித்துவிட்டால் அப்பீலுக்கும் வழி உண்டு. அப்பீல் செய்யும் காலத்தில் ஜோசியனிடம் போய்ப் பரிகாரம் கேட்டு நாளைக் கழிப்பவனுக்கு, சட்டம் கொடுத்த கெடு முடிந்துபோகும்; ஜோசியனுக்குக் கொடுத்த பணமும் போகும்.

கோர்ட்டு ஒரு மனிதனிடம் காகிதத்தைக் கொடுத்து, “உன் நடத்தையே உன் ஜாமீன்” என்கிறது. இதைவிட மனிதனை மதிக்கிற காரியம் வேறு இல்லை. மதித்துக் கொடுத்த காகிதத்தை அவனுக்குப் புரியும்படி கொடுக்க வேண்டியது கோர்ட்டின் கடமை. புரிந்துகொண்டு நடக்க வேண்டியது அவன் கடமை. அவன் தவறினபோது ஏன் என்று கேட்க வேண்டியது நியாயத்தின் கடமை. இந்த மூன்றில் ஒன்றையாவது தலையெழுத்தின்மேல் போட்டுவிட்டு யாரும் தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்கக்கூடாது என்று சொல்லி இதை முடிக்கிறோம்.